விலையா, கைப்பழக்கமா? பாஸ் மீன் தூண்டிலுக்கு ஒரு முழு வழிகாட்டி

1971 அக்டோபரில் ரே ஸ்காட் என்ற அலபாமாக்காரர், அந்த ஆண்டின் தேர்ந்த தூண்டில்காரர்கள் 24 பேரை அட்லாண்டாவில் விமானமேற்றினார். எந்த ஏரிக்குப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. விமானம் பறந்துகொண்டிருக்கும்போதுதான், நெவாடா பாலைவனத்தில் இருக்கும் மீட் ஏரி என்று அறிவித்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு. கொண்டுவரும் தூண்டில் சாமான்களின் எடைக்கும் வரம்பு. பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கும் முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி அப்படித்தான் நடந்தது. ஆர்கன்சாவைச் சேர்ந்த பாபி மரே வென்றார். பரிசு 10,000 டாலர்.

கைத்திறன் பெரிதா, சாமான் பெரிதா என்று பாஸ் பிடிப்பவர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். அதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏரி ஒன்று, படகு ஒன்று, பெட்டி சிறியது; முன்கூட்டிப் போய் உளவு பார்க்கவும் வழியில்லை. அப்படியும் ஒருவர் முன்னே நின்றார், மற்றவர்கள் பின்னே நின்றார்கள்.

இந்தச் சண்டையில் வழக்கமாக இழுத்துவரப்படும் சாட்சி வேறொருவர்: ஜார்ஜ் பெர்ரி. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கோமரி ஏரியில், நண்பரோடு பகிர்ந்துகொண்ட ஒற்றைத் தூண்டிலில் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ எடையுள்ள பாஸைப் பிடித்த இளம் விவசாயி. வீட்டில் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா அந்தச் சாதனையைச் சமன் செய்தார்; இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அழகான கதைதான், ஆனால் அதை நான் ஆதாரமாக ஏற்கமாட்டேன். ராட்சத மீன் அதிர்ஷ்டத்திலும் வரும். டெக்சஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் ஃபோர்க் ஏரியில் கிடைத்தது. அதைப் பிடித்த பேரி செயின்ட் கிளேர் அன்று தேடிப் போயிருந்தது கிராப்பி என்ற சிறு மீனை. கைத்திறன் என்பது போகிற இடமெல்லாம், பருவம் எதுவானாலும், ஓரளவுக்காவது மீன் பிடிப்பது. அதற்கான படிகளைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

டெக்சஸின் டாலஸ், ஆஸ்டின் பக்கம் குடியேறி, வீட்டருகே குளத்தைப் பார்த்துவிட்டுத் தூண்டில் வாங்கலாமா என்று யோசிப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். படகு கிடையாது, கரைதான். மற்ற மாநிலங்களில் சட்டமும் மாதமும் மாறும். மீனின் குணம் மாறாது.

முதல் படி: கடைக்குள் போய், சீக்கிரம் வெளியே வருதல்

வாங்க வேண்டியது ஒரே ஒரு ஸ்பின்னிங் செட். ஆறரை முதல் ஏழு அடிக் கோல், நடுத்தர வலு, நுனி மட்டும் வளையும் வகை. 2500 அளவு ரீல். கோலும் ரீலும் சேர்ந்து 50 முதல் 100 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். 500 டாலர்க் கோல் மோசடி என்று சொல்லமாட்டேன். அதன் கார்பன் இழை இலகுவானது, விறைப்பானது. அடியில் கூழாங்கல்லில் ஈயம் உரசுவதைக்கூட உள்ளங்கையில் உணரலாம். ஆனால் அந்த உரசல் எதைக் குறிக்கிறது என்று அறியாதவருக்கு அது வெறும் உரசல்தான். விலை ஏற ஏறத் தரமும் ஏறும், ஆனால் அதே வேகத்தில் அல்ல. 30 டாலரிலிருந்து 80 டாலருக்குப் போகும்போது தெரிகிற வித்தியாசம், 300இலிருந்து 600க்குப் போகும்போது தெரியாது.

மலிவான செட்டில் இரண்டே இடங்களைச் சோதித்துப் பாருங்கள். ஒன்று, கோலின் வளையங்கள்: ஒவ்வொன்றின் உட்புறத்திலும் பஞ்சைத் தேய்த்தால் இழை சிக்கக் கூடாது. சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, அது தூண்டில் நரம்பை அறுக்கும். இரண்டு, ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிடிப்பு. நரம்பைக் கையால் மெதுவாக இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வெடுக்கென்று வந்தால் நல்ல மீன் ஓடும்போது அந்த வெடுக்கில்தான் நரம்பு அறும்.

மிச்சப்படுத்திய காசில் ஒரு பகுதியை நரம்பிலும் முள்ளிலும் போடுங்கள். மீனுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பவை இவை இரண்டும்தான், மீனைத் தொடுவதும் இவைதான். 8 அல்லது 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் நரம்பு போதும். ஒரு பருவத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். முள்ளின் கூர்முனையை நகத்தின் மேல் வைத்து லேசாக இழுங்கள்: வழுக்கினால் மழுங்கிவிட்டது, பதிந்து நின்றால் கூர்மையாக இருக்கிறது. எறிவதற்காகத் திறந்த ரீலின் வளைகம்பியை, எறிந்ததும் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

உரிமம் தனிச் செலவு. டெக்சஸில் ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வசிப்பவருக்கு ஓராண்டு நன்னீர் உரிமம் 30 டாலர். 17 வயதுக்கு உட்பட்டவருக்குத் தேவையில்லை. மாநிலப் பூங்காக்களின் கரையிலிருந்து தூண்டில் போடவும் உரிமம் வேண்டாம், பல பூங்காக்களில் தூண்டிலையே இரவல் தருகிறார்கள். அதனால் இந்த விளையாட்டு பிடிக்குமா என்று பார்ப்பதற்குப் பெட்ரோல் காசும் பூங்கா நுழைவுக் கட்டணமும் போதும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு முடிச்சு

பலோமார் முடிச்சு. நரம்பை இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் நுழையுங்கள். இரட்டை நரம்பிலேயே ஒரு சாதாரண முடிச்சு, இறுக்காமல். மடிப்பின் வளையத்தை விரித்து முழு முள்ளையும் அதற்குள் விட்டு வெளியே எடுங்கள். எச்சிலால் நனைத்து, நரம்பின் இரு முனைகளையும் சேர்த்துச் சீராக இழுங்கள். உலர்ந்த நரம்பு இறுகும்போது உராய்வுச் சூட்டில் பலமிழக்கும், நனைப்பது அதற்காகத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை வீட்டிலேயே பழகுங்கள். விடியலின் அரை இருட்டில், மீன் துள்ளும் சத்தம் கேட்டுக் கை பதறும்போதுதான் இது தேவைப்படும். குளத்தில் பாறையிலோ கட்டையிலோ உரசிய பிறகு, கடைசி அரை மீட்டர் நரம்பை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். சோம்பல் இங்கேதான் மீனைப் பறிக்கிறது.

மூன்றாம் படி: தூரம் அல்ல, குறி

புதியவர்கள் எல்லோரும் குளத்தின் நடுவை நோக்கி வீசுகிறார்கள். படகில் இருப்பவர்கள் கரையை நோக்கி வீசுகிறார்கள். இதிலிருந்தே மீன் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

வீட்டுப் பின்புறத்தில் ஒரு வாளியை வையுங்கள். முள் இல்லாத சிறு எடையைக் கட்டி, பத்து மீட்டரில் ஆரம்பித்து, வாளிக்குள் விழும்வரை எறியுங்கள். எடை பறக்கும்போது ரீலின் விளிம்பில் ஆள்காட்டி விரலால் நரம்பைத் தொட்டால் வேகம் குறையும். இரை தொப்பென்று விழாமல் மெல்ல இறங்கும். பிறகு பக்கவாட்டில் தாழ்வாக எறியப் பழகுங்கள், ஏனென்றால் நல்ல மீன்கள் தொங்கும் கிளைக்கும் மரப்பாலத்துக்கும் அடியில்தான் இருக்கும். நிழலின் உள்ளே விழும் இரைக்கும் நிழலுக்கு அரை மீட்டர் வெளியே விழும் இரைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விலைக் கோலும் ஈடுகட்டாது.

நான்காம் படி: தண்ணீரைப் படித்தல்

இதில்தான் நேரத்தைக் கொட்ட வேண்டும். மற்ற படிகளை ஒரு மாதத்தில் பழகிவிடலாம், இதைப் பழகி முடித்தவர் யாரும் இல்லை.

நாம் இங்கே தேடும் லார்ஜ்மவுத் (பெருவாய்) பாஸ் துரத்தி ஓடும் மீன் அல்ல, மறைந்திருந்து பாயும் மீன். நம் ஊரில் விரால் பிடித்தவருக்கு இந்தக் குணம் புரிந்துவிடும்: பாசி ஓரம், செடியின் நிழல், அசையாமல் காத்திருக்கும் வாய். ஆகவே வெறும் தண்ணீரைத் தேடாதீர்கள், ஓரத்தைத் தேடுங்கள். செடி முடிந்து வெற்று நீர் தொடங்கும் கோடு, ஆழமற்ற இடம் சட்டென்று ஆழமாகும் விளிம்பு, கலங்கல் தெளிவைத் தொடும் இடம், நிழலும் வெயிலும் பிரியும் வரி. இரண்டு ஓரங்கள் சந்திக்கும் மூலை கிடைத்தால் அங்கே முதல் எறி.

டெக்சஸின் ஏரிகள் அநேகமாக எல்லாமே அணை கட்டி உண்டானவை. அதாவது, அடியில் பழைய ஓடை, பழைய சாலை, மூழ்கிய மரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கைபேசி வரைபடத்தில் ஓடை எங்கே ஏரியில் நுழைகிறது, எந்தக் கரையை ஒட்டி வளைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வளைவின் வெளிப்பக்கக் கரைதான் ஆழமானது. குடியிருப்புக் குளங்களில் இது இன்னும் எளிது: மழைநீர்க் குழாய் வாய், கரையின் மூலைகள், நீரூற்று எந்திரம் கலக்கும் பகுதி, கோரைப்புல் திட்டு. மழை பெய்து ஓய்ந்ததும் குழாய் வாய்க்கு நேராகப் போங்கள். அடித்து வரும் புழு பூச்சிக்காகச் சிறு மீன்கள் கூடும், அவற்றுக்காகப் பாஸ் கூடும்.

கரையில் எப்படி நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாஸ் உடலின் பக்கக் கோட்டால் நீரின் அதிர்வை உணரும். தரையில் விழும் காலடியும் அதில் சேரும். கரை விளிம்புக்கு இரண்டு மீட்டர் முன்பே நின்று, முதலில் கரைக்கு இணையாக இரு பக்கமும் எறியுங்கள். அதன் பிறகுதான் விளிம்புக்குப் போக வேண்டும். காலடியில் கிடக்கும் மீனை விரட்டிவிட்டு நடுக்குளத்தில் தேடுபவரை எந்தக் குளத்திலும் பார்க்கலாம். பெரும்பாலும் நல்ல விலைத் தொப்பி அணிந்திருப்பார்.

அடுத்தது வெப்பம். பத்து டாலர் வெப்பமானியை நூலில் கட்டி நீரில் விடுங்கள். நான் அறிந்தவற்றில் இதுதான் விலைக்கு அதிகம் பேசும் கருவி. நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் மீன் ஆழத்தில் சோம்பிக் கிடக்கும். இரையை நத்தை வேகத்தில் நகர்த்த வேண்டும். 13, 14 டிகிரியைத் தாண்டினால் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் நகரத் தொடங்கும், கடும் பசியோடு. ஆண்டின் மிகப் பெரிய மீன்களைப் பிடிக்கும் வாய்ப்பு இப்போதுதான். 16 முதல் 20 டிகிரி வரும்போது, வட டெக்சஸில் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் வாலால் அடித்துக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போன பிறகு ஆண்தான் காவல் நிற்கும். அந்தக் காவல் மீனைப் பிடித்தால் முட்டையைச் சிறு மீன்கள் தின்றுவிடும். பிடித்தாலும் அந்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள் என்பேன்.

கோடையில் பெரிய ஏரிகளில் நீர் அடுக்குகளாகப் பிரியும். மேலே சூடு, கீழே குளிர். அந்தக் கீழ் அடுக்கில் பிராணவாயு வற்றிப்போகும். ஆகவே ‘வெயில் காலம், மீன் அடி ஆழத்தில் இருக்கும்’ என்ற யோசனை பாதிதான் சரி. கரையில் நிற்பவருக்குக் கோடை என்றால் விடியல், அந்தி, இரவு, அல்லது அடர்ந்த நிழல். இலையுதிர் காலத்தில் ஷாட் என்ற வெள்ளிச் சிறுமீன் கூட்டம் ஓடைகளுக்குள் ஏறும், பாஸும் பின்னாலேயே ஏறும்.

காற்று அடிக்கும் கரையை எல்லோரும் தவிர்க்கிறார்கள், எறியக் கஷ்டமாக இருக்கிறது என்று. நீங்கள் அங்கேயே போங்கள். காற்று நுண்ணுயிர்களை அந்தக் கரையில் ஒதுக்குகிறது. சிறுமீன் அதைத் தொடர்கிறது. அலை ஒளியை உடைப்பதால் பாஸுக்குத் துணிவும் கூடுகிறது.

ஐந்தாம் படி: மூன்று இரை போதும்

கடைச் சுவர் முழுக்கத் தொங்குபவை மீனைப் பிடிப்பதற்கு முன் உங்களைப் பிடிக்கச் செய்யப்பட்டவை. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடுவதற்கு ஒரு ஸ்பின்னர்பெயிட்: தகடுகள் சுழன்று அதிர்வு கிளப்பும், செடியில் அவ்வளவாகச் சிக்காது. கலங்கல் நீரிலும் காற்றடிக்கும் கரையிலும் இதை எறிந்து சுற்றுங்கள்.

மறைவிடத்துக்குள் போக ரப்பர் புழு, டெக்சஸ் முறையில் கோத்தது. நரம்பில் முதலில் குண்டு வடிவ எடை, 3 முதல் 7 கிராம் வரை. பிறகு 3/0 அளவுள்ள வளைகழுத்து முள். முள்ளின் கூர்முனையைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் செருகிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். கண் வரைக்கும் புழுவை ஏற்றி முள்ளைத் திருப்புங்கள். கூர் எங்கே படுகிறது என்று அளந்து, அங்கே குத்தி, நுனியைப் புழுவின் தோலுக்குள் மறையுங்கள். புழு நேராக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் நீரில் சுழன்று நரம்பை முறுக்கும். எறிந்ததும் நரம்பைத் தளர்வாக விட்டு விழச் செய்யுங்கள். பாதிக் கடிகள் விழும்போதே வருகின்றன. அப்போது கை எதையும் உணராது, கண்தான் பார்க்க வேண்டும்: நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ, நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டாலோ, மீன்தான். ‘உணர்திறன்’ என்று கடைக்காரர் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்பதில் பெரும்பங்கை நரம்பைப் பார்க்கும் கண் இலவசமாகத் தந்துவிடும்.

மூன்றாவது, மந்த நாளுக்கு நெட் ரிக். கான்சஸைச் சேர்ந்த நெட் கீடியின் பெயரில் அழைக்கப்படுவது. ஐந்து அங்குலக் குச்சிப் புழுவைப் பாதியாக வெட்டி, காளான் வடிவத் தலையுள்ள சிறிய முள்ளில் கோத்தால் முடிந்தது. ஒரு புழு இரண்டாகிறது, சிக்கனத்துக்கும் நல்லது. அடியில் விட்டு லேசாக இழுத்து நிறுத்தினால் போதும். பெரிய மீன் குறைவு. ஆனால் வெறுங்கையோடு திரும்புவதும் குறைவு.

நிறம் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம். தெளிந்த நீரில் பச்சை, பழுப்பு. கலங்கலில் கறுப்பு, கருநீலம்.

ஆறாம் படி: கடித்த பிறகு

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். புழுவில் கடி தெரிந்தால் தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு, கோலை ஓங்கி இழுங்கள். ஸ்பின்னர்பெயிட்டில் ஓங்க வேண்டாம், இழுத்துப் பிடித்தாலே ஏறிவிடும். மீன் துள்ளப் பார்க்கும்போது கோலின் நுனியைத் தாழ்த்துங்கள்.

கையை நனைத்துவிட்டுக் கீழுதட்டைப் பிடியுங்கள். பெரிய மீனை உதட்டில் மட்டும் தொங்கவிட்டால் தாடை பாதிக்கப்படும், வயிற்றையும் தாங்குங்கள். படம் எடுக்க ஒரு மூச்சு நேரம் போதும். சாப்பிட எடுத்துப்போவதும் குற்றமல்ல: டெக்சஸில் பொதுவான விதி குறைந்தது 14 அங்குலம், நாளொன்றுக்கு 5 மீன். ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். ஏரிக்கு ஏரி மாறும் என்பதால் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். 13 பவுண்டுக்கு மேல் பிடித்துவிட்டால் மாநிலத்தின் ஷேர்லங்கர் திட்டத்துக்குச் சொல்லலாம். 1986 முதல் இப்படிப் பெரிய மீன்களை இனவிருத்திக்குப் பெற்றுக்கொள்கிறார்கள்.

ஏழாம் படி: குறிப்பேடு

தேதி, நீரின் வெப்பம், காற்றின் திசை, பிடித்த இடம், ஆழம், இரை. மீன் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். ஒரே நாளில் இரண்டு மீன் கிடைத்தால் உடனே நின்று, அவ்விரண்டுக்கும் பொதுவானது என்ன என்று கேளுங்கள். இரண்டும் நிழலிலா? இரண்டும் இரை விழும்போதா? விடை கிடைத்ததும் அதே போன்ற இடங்களை மட்டும் தேடிப் போங்கள். போட்டிகளில் வெல்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

இனிக் காசு எங்கே உதவும்

ஓராண்டு இப்படிப் பிடித்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால், இந்த வரிசையில் செலவிடுங்கள். முதலில் போலரைஸ்டு கண்ணாடி: நீர்ப்பரப்பின் கண்கூசும் ஒளியை அகற்றி அடியில் கிடப்பதைக் காட்டும், முள் பறந்து வந்தால் கண்ணையும் காக்கும். அடுத்து ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் எடை: பல மடங்கு விலை, ஆனால் அதே எடைக்குச் சிறியது, கடினமானது, அடித்தரையின் செய்தியைத் தெளிவாகக் கொண்டுவரும். பிறகு 100, 150 டாலரில் ஒரு பெயிட்காஸ்டர் செட் (ரீல் கோலின் மேற்பக்கம் இருக்கும் வகை), அடர் செடிக்குள் தடித்த நரம்போடு போக. பிறகு பழைய கயாக், அதாவது சிறு துடுப்புப் படகு.

கைத்திறனைப் பணம் உண்மையிலேயே முந்திவிட்ட இடம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற ஒலியலைக் கருவி வந்தபின், படகின் முன்னே நீந்தும் மீனையும் அதை நெருங்கும் இரையையும் திரையில் அந்தக் கணத்திலேயே பார்க்க முடிகிறது. சில ஆயிரம் டாலர் செலவு. நடுநீரில் அலையும் மீனைப் பிடிப்பதில் அது இல்லாதவர் இருப்பவரோடு போட்டியிட முடியாது. போட்டி நடத்தும் அமைப்புகளே அதன் பயன்பாட்டுக்கு வரம்பு வைக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அந்தத் திரை கரையோரச் செடிக்குள்ளும் கோரைப்புல்லுக்குள்ளும் திணறுகிறது. கரையில் நிற்பவரின் மீன்கள் இருப்பதோ அங்கேதான். ஆகவே படகு வாங்கும்வரை அந்தச் செலவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். புதிய பாஸ் படகு, மோட்டாரோடு, 80,000 டாலரைத் தாண்டிப் போகிறது. அதற்கு முன் படகு வைத்திருக்கும் யாரோடாவது பின்னிருக்கையில் ஒரு பருவம் போய்ப் பாருங்கள், பெட்ரோலில் பங்கு கொடுத்து.